கோட்டை கேட்கும் சுயாட்சி, ஊராட்சிக்குக் கிடைக்காத சுயாட்சி

1974 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்கு அடிப்படையாக இருந்தது 1969-ல் அமைக்கப்பட்டு 1971-ல் அறிக்கை தந்த இராஜமன்னார் குழு. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஓர் உயர்நிலைக் குழு அறிவிக்கப்பட்டது. அரை நூற்றாண்டாக இந்த மாநிலம் தில்லியிடம் கேட்டுவருவதைச் சுருக்கினால் மூன்று கோரிக்கைகள் மிஞ்சும். எங்கள் பணத்தை நிபந்தனை போடாமல் கொடுங்கள். மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை நியமிக்கப்பட்டவர் கையெழுத்தால் கலைக்காதீர்கள். நாங்கள் எடுத்த முடிவை வேறெங்கோ இருப்பவர் கிடப்பில் போடக் கூடாது.

மூன்றும் நூற்றுக்கு நூறு நியாயமான கோரிக்கைகள். ஆனால் சென்னையிலிருந்து கீழே பார்த்தால், மாநிலத்தின் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளும் இதே மூன்று குறைகளோடு நிற்கின்றன, அவற்றைத் தீர்க்கும் அதிகாரம் இங்கே கோட்டையிலேயே இருக்கிறது. மாநில சுயாட்சியில் நம்பிக்கை உள்ளவர்கள்தான் இதை முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து. அதற்காக, ஓர் ஊராட்சியின் அதிகாரம் எந்தெந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்று பார்ப்போம்.

விடுதலைக்கு முன் உள்ளாட்சிக்கு வெள்ளை அரசு வகுத்த முதல் பெரிய திட்டம் 1882 மே 18-ன் ரிப்பன் தீர்மானம். விடுதலைப் போராட்டக் காலத்தில் காந்தி அதைத் தலைகீழாக்கி, கிராமத்திலிருந்து மேலே கட்டப்படும் சுயராஜ்யத்தைப் பேசினார். அப்படியிருந்தும் அரசியலமைப்பின் வரைவில் பஞ்சாயத்துக்கு இடமே இல்லை. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் அதற்கான காரணத்தைத் திறந்து சொன்னார்: கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம். நவம்பர் 22-ல் தமிழகத்தைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால்தான் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்லும் 40-ஆவது உறுப்பு சேர்ந்தது. அதுவும் நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாத வழிகாட்டு நெறி மட்டுமே. கட்டாயமாக்கிய 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி எழுதப்பட்டதே 1994-ன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம்.

முதலில் பணம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரைப்படி அது ஊரகத்துக்கும் நகரத்துக்கும் 56:44 என்று பிரிக்கப்பட்டது. ஒன்றிய அரசின் 15-ஆவது நிதி ஆணைய மானியம் தனி. 2021 முதல் 2026 வரைக்கான அந்த மானியத்தில் 60 விழுக்காடு, இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிப்போட்ட நிதி: பாதி குடிநீருக்கு, பாதி தூய்மைப் பணிக்கு. மீதி 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் தொடக் கூடாது. ஊராட்சியின் சொந்த வரவு வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, சில இடங்களில் சந்தை, குத்தகை. நெடுஞ்சாலை ஓரமோ தொழிற்சாலைப் பகுதியோ இல்லாத ஊரில் இது சொற்பம்.

அந்தச் சொற்பத்தின் கதி என்ன என்பதை ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தே சொல்லலாம். 300 வீடு, 1,200 பேர் உள்ள ஒரு சிற்றூர். ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால் 66,000 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியை இருமுறை நிரப்பினாலும் 60,000-தான். 7.5 எச்.பி. மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 5.6 யூனிட் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 45 யூனிட், மாதத்துக்கு 1,350. கோடையில் போர்வெல் நீர்மட்டம் இறங்கினால் அதே தண்ணீருக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஓட வேண்டும், மின்கட்டணம் கால் பங்கோ பாதியோ கூடும். இந்த மின்கட்டணமும், கூட்டுக் குடிநீர்த் திட்டம் இருந்தால் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியதும் ஊராட்சிக்கு வரும் மானியத்தில் முதல் பங்கை எடுத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் தெருவிளக்கு, டேங்க் ஆப்பரேட்டர் சம்பளம், குழாய் ரிப்பேர். ஊர் தன் விருப்பப்படி ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும் இடமே கணக்கில் இருப்பதில்லை. ஜி.எஸ்.டி. இழப்பீட்டுக்கும் கல்வி நிதிக்கும் மாநிலம் தில்லியில் வைக்கும் வாதம் அத்தனையும் இந்தத் தொட்டிக்கும் பொருந்தும்.

தண்ணீர் ஏறிய பிறகு அது யாருக்குப் போகிறது என்பது இன்னொரு கேள்வி. குழாய் வரிசையின் கடைக்கோடியில் பெரும்பாலும் காலனி இருக்கும். மேட்டுத் தெருவின் கேட் வால்வை முழுதாகத் திறந்துவிட்டால் கடைசித் தெருவில் சொட்டும். எந்த வால்வை எத்தனை நிமிடம் திறப்பது என்ற முறைப்பட்டியல் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படாத ஊரில், அந்த முடிவு ஆப்பரேட்டரை யார் அதட்ட முடியும் என்பதைப் பொறுத்தே அமையும்.

இரண்டாவது வெட்டு கையெழுத்தில். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கையில் மொத்தமும் சிக்கக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு இது. நடைமுறையில், மோட்டார் காயில் எரிந்து ஊர் தண்ணீரில்லாமல் தவிக்கும் வாரத்தில் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் ஊராட்சியே நின்றுபோகும். தனித் தொகுதியில் வென்ற தலைவர்கள், அதிலும் பெண்கள், திரும்பத் திரும்பச் சொல்லும் புகார் இதுதான். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. ஆதிக்கச் சாதி அந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

தகராறு முற்றினால் மாவட்ட ஆட்சியர் வருவார். சட்டத்தின் 203-ஆவது பிரிவு அவருக்கு அவசரகால அதிகாரம் தருகிறது. அதைக் கொண்டு கையெழுத்து அதிகாரத்தை எடுத்து வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.விடம் ஒப்படைப்பது வழக்கமாகிவிட்டது. 205-ஆவது பிரிவின் கீழ் தலைவரைப் பதவியிலிருந்தே நீக்கலாம். ஆட்சியர் நோட்டீஸ் கொடுப்பார், விளக்கம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் உறுப்பினர் கூட்டத்தைக் கூட்டி அவர்கள் கருத்தைப் பதிவுசெய்து அனுப்புவார். கடைசி முடிவு ஆட்சியருடையது, மேல்முறையீடு அரசிடம். ஊரார் வாக்களித்து உட்காரவைத்தவரை இறக்குவதில் ஊராரின் கிராம சபைக்கு எந்தப் பங்கும் இல்லை.

1976 ஜனவரி 31-லும் 1991 ஜனவரி 30-லும் 356-ஆவது உறுப்பால் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. மாநில அரசுகளுக்கு 1994-ல் எஸ்.ஆர். பொம்மை தீர்ப்பு ஒரு காப்பு தந்தது: பெரும்பான்மையை அவையில்தான் பார்க்க வேண்டும், கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. ஊராட்சித் தலைவருக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவதுதான் வழி. நூறு கிலோமீட்டர் பயணமும் வக்கீல் செலவும் தாங்கக்கூடியவருக்கு மட்டும் அது வழி.

அப்படியானால் ஆட்சியரின் அதிகாரத்தை அடியோடு நீக்கிவிடலாமா என்றால், இல்லை. அம்பேத்கர் பயந்தது இங்கேயே நடந்திருக்கிறது. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. வென்று பொறுப்பேற்ற முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வரும்போது மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கிலும் பத்து ஆண்டுகள் தேர்தல் நடக்கவிடாமல் தடுத்தார்கள். யாராவது வென்றாலும் உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-ல் அரசும் மாவட்ட நிர்வாகமும் ஊர் ஊராகப் பேசி, அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் நேரில் இறங்கி வேலைசெய்த பிறகே அங்கே தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். ஊரைத் தனியே விட்டிருந்தால் அது நடந்திருக்காது.

இது பழைய கதையும் அல்ல. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியலினப் பெண் தலைவர் தேசியக்கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு ஆட்சியர் முன்னிலையில் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் இன்னொரு பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் நாடெங்கும் பரவியது. தேசபக்தியைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அந்தக் கொடிக்கயிற்றை யார் இழுக்கலாம் என்று சாதி தீர்மானிக்கும் ஊரில் அந்தத் தேசம் இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே தேவை, தலையீட்டை நிறுத்துவது அல்ல. தலையிடுபவரை மாற்றுவது. கேரளத்தில் உள்ளாட்சி முறைகேடுகளை விசாரிக்க ஆம்புட்ஸ்மேனும், ஊராட்சி முடிவுகள் மீதான முறையீடுகளுக்குத் தனித் தீர்ப்பாயமும் இருக்கின்றன. தலைவர் மீதான குற்றச்சாட்டு அப்படியோர் அமைப்புக்குப் போக வேண்டும், குறித்த நாட்களுக்குள் தீர்ப்பு வர வேண்டும். ஆளுங்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் ஆட்சியருக்கு ஒரு போன் போட்டால் காரியம் முடிந்துவிடும் என்ற நிலை அதோடு போய்விடும். சாதிக் கொடுமை நடக்கும் ஊரில் தலைவரைக் காப்பாற்றும் கடமை ஆட்சியரிடமே இருக்கட்டும். பதவியைப் பறிக்கும் அதிகாரம் அவரிடம் வேண்டாம்.

மூன்றாவது வெட்டு நாட்காட்டியில். ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-E உறுப்பு. 2006-ல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது. தமிழ்நாட்டின் பதிவு வேறு. 1970-க்குப் பின் 1986-ல்தான் தேர்தல், அதற்குப் பின் 1996-ல். 1996 முதல் 2011 வரை நான்கு முறை ஒழுங்காக நடந்தது. 2016-ல் பழங்குடியினர் இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் அறிவிக்கை ரத்தானது, பிறகு வார்டு மறுவரையறை என்று இழுத்து 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் 27 மாவட்டங்களுக்கு வாக்குப்பதிவு. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோதும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள்.

தனி அலுவலர் என்றால் கிராம ஊராட்சியைப் பொறுத்தவரை பி.டி.ஓ. மாநிலத்தில் 388 ஒன்றியங்கள். வகுத்துப் பார்த்தால் ஓர் ஒன்றியத்துக்கு ஏறத்தாழ 32 ஊராட்சிகள். 32 ஊரின் தண்ணீர், விளக்கு, சாக்கடை அனைத்தும் ஒரே அலுவலகத்தின் ஒப்புதலுக்கு வரிசையில் நிற்கும். ஒன்றிய நிதி ஆணைய மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான் என்பதால், 2016-க்குப் பிந்தைய இடைவெளியில் அந்தப் பணமும் நிறுத்திவைக்கப்பட்டது. இரு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் இது நடந்திருக்கிறது. மறுவரையறைக்குக் காரணங்கள் உண்மையானவையாகவே இருக்கலாம், ஆனால் பதவிக்காலம் எந்த நாளில் முடியும் என்பது ஐந்தாண்டுக்கு முன்பே தெரியும். அந்த வேலையை நான்காம் ஆண்டில் முடிக்கத் தடை எதுவும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் சாதாரண வாக்காளரின் கையில் நேராக இருக்கும் ஒரே கருவி கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம் உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றாகியிருக்கிறது. ஊர்ப் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொரு வாக்காளரும் உறுப்பினர். ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். கோரம் மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் வழக்கமானவை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வேலை நேரத்திலேயே அழைத்துவந்து கையெழுத்து வாங்கிக் கோரம் காட்டுவார்கள். வருகைப் பதிவில் கையெழுத்து முதலில், தீர்மானம் பிற்பாடு அலுவலகத்தில் வைத்து. இதற்கு மருந்து எளிது. தீர்மானம் கூட்டத்திலேயே எழுதப்பட்டு வரிசை எண்ணோடு உரக்க வாசிக்கப்பட வேண்டும், கடைசித் தீர்மானத்துக்குக் கீழே கோடு போட்டு மூடிய பிறகே கையெழுத்து. அந்தப் பக்கங்களை அங்கேயே பத்துப் பேர் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். அரசு அனுப்பும் பற்றாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்டால் மறுக்க முடியாது.

தீர்மானத்தின் வாசகமும் முக்கியம். "எங்கள் தெருவுக்குச் சாலை வேண்டும்" என்று எழுதினால் அது கோரிக்கை, அலமாரிக்குப் போகும். "3-ஆவது வார்டு கிழக்குத் தெருவில் ஆரம்பப் பள்ளி முதல் மேல்நிலைத் தொட்டி வரை 180 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் சிமென்ட் சாலை, இருபுறமும் வடிகால், இந்த நிதியாண்டின் இன்ன நிதியிலிருந்து" என்று எழுதினால், அதைச் செய்யாததற்கு யாராவது எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். தலைவர் ஏற்காத தீர்மானத்தையும் "விவாதிக்கப்பட்டது, ஏற்கப்படவில்லை" என்று பதியவைக்க வேண்டும். பதிவே இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு.

கணக்கைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30-ல் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே ஒரு செலவினத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பிளீச்சிங் பவுடர். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் போட்டால் நாளுக்கு 60,000 லிட்டருக்கு 240 கிராம், மாதத்துக்கு ஏழு கிலோ சொச்சம். ஒரு தொட்டிக்கு மாதம் ஒரு 25 கிலோ மூட்டை என்று கணக்கு சொன்னால் இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். மாறாக மாதம் இரண்டு கிலோதான் வாங்கியிருந்தால் அது இன்னும் மோசம், குளோரின் இல்லாத தண்ணீரைக் குழந்தைகள் குடித்திருக்கிறார்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது தரநிலை. சின்னப் பரிசோதனைப் பெட்டியில் ஒரு சொட்டு மருந்து விட்டால் நிறம் சொல்லிவிடும்.

உத்திரமேரூரைப் பற்றிப் பெருமை பேசாத ஊராட்சி விழா இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது குடவோலை அல்ல. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பெயர் எழுதும் தகுதியை இழப்பார்கள் என்ற விதிதான். அதே கல்வெட்டு சொத்தும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களை மட்டுமே உள்ளே விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணக்குக் காட்டும் கடமையை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம். யார் உட்காரலாம் என்ற விதி, பெண்களுக்குப் பாதி இடம் தந்த 2016 திருத்தத்தில் இருக்கிறது.

கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்ட பலம் எவ்வளவு? 2024 நவம்பரில் அரிட்டாபட்டிச் சுற்று வட்டாரக் கிராம சபைகள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அது மக்கள் திரண்டதால் கிடைத்த வெற்றி, தீர்மானம் சட்டப்படி கட்டுப்படுத்தியதால் அல்ல. ஒடிசாவின் நியமகிரியில் நிலைமை வேறு. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது, 12 சபைகள் ஒன்றுவிடாமல் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் சபைக்குப் பின்னால் இருந்தது. தமிழ்நாட்டின் சமவெளிக் கிராமத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

கேரளத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அங்கே 941 கிராம ஊராட்சிகள், ஒவ்வொன்றும் இங்கே உள்ள சிறு நகரம் அளவு. 1996 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காடு வரை கீழே போனபோது, ஆரம்ப சுகாதார நிலையமும் பள்ளியும் கிருஷிபவன் என்ற வேளாண் அலுவலகமும் கூடவே வந்தன, அவற்றின் ஊழியர்களும் வந்தார்கள். இங்கே அரசியலமைப்பின் 11-ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று உள்ள 29 துறைகளும் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும், ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊராட்சிக்கு முழுநேர ஊழியர் என்றால் ஊராட்சிச் செயலர் ஒருவர்தான். அவரிடம் 29 துறையைக் கொடுத்து என்ன செய்ய? ஊராட்சிகளை இணைத்துப் பெரிதாக்கலாம் என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. தலைவர் வீட்டுக்கு நடந்துபோய்க் கேட்க முடிகிற தூரம்தான் தமிழ்நாட்டு ஊராட்சியின் பலம். ஐந்தாறு ஊராட்சிகளுக்கு ஒரு பொறியாளர், ஒரு கணக்காளர், ஒரு மோட்டார் மெக்கானிக் என்று பொதுவில் அமர்த்தி, அவர்கள் அந்தத் தலைவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லும்படி வைத்தால் போதும்.

உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5-ஆவது இனம். 205-ஆவது பிரிவைத் திருத்தி விசாரணையைத் தீர்ப்பாயத்துக்கு மாற்ற ஆளுநர் மாளிகையைத் தாண்டித் தில்லி வரை போக வேண்டியதில்லை. துணைத் தலைவர் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் காரணம் சொல்லாமல் கையெழுத்தை மறுத்தால் கிராம சபை ஒப்புதலோடு தலைவரும் செயலரும் பணம் எடுக்கலாம் என்று ஒரு பிரிவு, மறுவரையறையைப் பதவிக்காலத்தின் நான்காம் ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரு பிரிவு, ஊரின் நீர்நிலையையும் பொது நிலத்தையும் தொடும் எந்த மாநிலத் துறைத் திட்டத்துக்கும் கிராம சபையின் முன் ஒப்புதல் கட்டாயம் என்று ஒரு பிரிவு. மாநில சுயாட்சிக்கான குழுவின் அறிக்கை சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வரும் அதே கூட்டத்தொடரில் இந்த மசோதாவையும் வைக்கலாம்.